தொட்டிக்குப் போன நேரம்

தாள் மறுபடியும் மஞ்சளாகத்தான் வந்தது.

தொட்டியின் மேல்மூடியைத் திறந்து, நீளக் கம்பியின் நுனியில் செருகிய, புளிப்பைக் காட்டும் தாளைக் கரைசலுக்குள் விட்டு, முப்பது வரை எண்ணி எடுத்திருந்தாள். பச்சை வர வேண்டும். பச்சைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஏதாவது ஒன்றாவது வர வேண்டும். நேற்றுக் காலை எலுமிச்சை மஞ்சள். இன்று அதில் கொஞ்சம் சிவப்பும் ஏறி, பழுத்த பப்பாளி மாதிரி இருந்தது.

“என்ன தங்கச்சி, எப்படி?” என்று ஏணிக்குக் கீழே நின்று கத்தினார் பாய்லர்.

அவர் பெயர் பாய்லர் அல்ல. ஜூஸ் ஃபேக்டரியில் முப்பது வருஷம் பாய்லர் ஓட்டி, ஒரு காதைப் பாய்லருக்கே கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவர். அதன் பிறகு இந்தத் தொட்டிக்கு வந்துவிட்டார். மிச்சமிருக்கும் ஒரு காதில் ஊர்வம்பு முழுக்க விழும், வேலை சொன்னால் மட்டும் விழாது என்று அவள் கணவர் சொல்வதுண்டு.

அவள் தாளை உயர்த்திக் காட்டினாள். பாய்லரின் முகம் சுருங்கியது.

“சார்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

படுத்திருக்கும் கணவரிடம் என்ன சொல்வது என்று அவளுக்கும்தான் தெரியவில்லை.

அவள் கணவர் அதே ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். அன்னாசியும் ஆரஞ்சும் பிழிந்து முடித்த பிறகு மிஞ்சும் தோலையும் சக்கையையும் ஃபேக்டரி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வரை இந்தத் தெருவின் பின்னால் இருந்த பள்ளத்தில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் ஈ, மழை வந்தால் நாற்றம். ஒருநாள் அவர் ஒரு பழைய இரும்பு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து அந்தச் சக்கையை உள்ளே போட்டு மூடினார். மூன்றாம் வாரம் அதில் ஒரு குழாயைச் செருகித் தீக்குச்சி கிழித்தபோது நீலமாகப் பற்றியது. அவள் பயந்துபோய் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் சிரித்த சிரிப்பு தெருவெல்லாம் கேட்டது. டிரம் சிமென்ட் தொட்டியானது. தொட்டியிலிருந்து குழாய் போய், இன்று இருபத்திரண்டு வீட்டு அடுப்பும் மூலையிலிருக்கும் பேக்கரி அடுப்பும் அதில்தான் எரிகின்றன. கேஸ் போக மிஞ்சும் கழிவு, செடி வளர்ப்பவர்களுக்கு உரம். ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் தொட்டிக்கு ஆகாது என்பதால் அதை மட்டும் தனியாகக் காயவைத்துச் சோப்புக்காரரிடம் கொடுத்துவிடுவார். ‘பழத்தோல்காரர்’ என்று பேர் விழுந்து, அதில் பழம் மட்டும் உதிர்ந்து ‘தோல்காரர்’ ஆகி, ஒருமுறை யாரோ செருப்புத் தைக்க அளவு எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

அந்தத் தொட்டிக்கு வயிறு உண்டு. அளவாகப் போட்டால் செரிக்கும். இனிப்புச் சக்கையை அள்ளி அள்ளிப் போட்டால் புளித்துவிடும். புளிப்பு ஏறினால் உள்ளே இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் ஒன்றொன்றாகச் சாகும். எல்லாம் செத்துவிட்டால் தொட்டியைக் காலிசெய்து மறுபடி உயிர் பிடிக்கவைக்க இரண்டு மாதம் ஆகும். அதுவரை ஃபேக்டரி லாரி சும்மா நிற்காது. பழைய பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது.

கணவர் படுக்கையில் விழுந்த பத்து நாளில், சீசன் கூட்டத்தில் ஃபேக்டரி இரண்டு மடங்கு அன்னாசிச் சக்கையை அனுப்பிவிட்டது. பாய்லரும் வந்ததையெல்லாம் அரைத்து உள்ளே தள்ளிவிட்டார்.

“இன்னைக்கு ஒண்ணும் போடாதீங்க” என்றாள் அவள், ஏணியிலிருந்து இறங்கி.

“சார் சொல்லட்டும் தங்கச்சி. அவர் சொன்னா சரி.”

*

தெருவில் நடக்கும்போது எந்தச் சமையலறையிலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று காது தானாகப் போனது. ஒரு வீட்டில் தீக்குச்சியை மூன்று தடவை கிழித்தார்கள். இன்னொரு வீட்டு வாசலில் ஒரு பெண் மின்சார அடுப்பின் அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டிருந்தவள், இவளைப் பார்த்ததும் அதைக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

“அண்ணன் எப்படி இருக்காரு?”

“அப்படியேதான் இருக்கார்.”

“ஏதாவது வேணும்னா ஒரு சத்தம் குடுங்க.”

அடுப்பைப் பற்றி அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம்.

நேற்றுக் கணவரிடம் உண்மையைத்தான் சொன்னாள். “மஞ்சளா இருக்குங்க” என்றதும், பத்து நாளாக இடுப்பைத் தூக்காத மனிதர் கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார். தடுப்பதற்குள் விழுந்தார். அவளும் மகளும் சேர்ந்து தூக்கிப் படுக்கவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. மாலையில் வந்த நர்ஸம்மா அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போய், “இனிமே மருந்தைவிட மனசுதான் முக்கியம். எதைச் சொன்னா நிம்மதியா இருப்பாரோ அதைச் சொல்லுங்க” என்றார். இருபத்தாறு வருஷம் மருந்துக்கடையில் நின்றவளுக்கு அதன் பொருள் தெரியாமலா இருக்கும்? சீட்டைப் பார்த்தே யாருக்கு எத்தனை நாள் என்று ஊகித்து, முகத்தில் காட்டாமல் மாத்திரையை எண்ணிக் கொடுத்துப் பழகியவள்தான். சொந்த வீட்டுச் சீட்டைத்தான் படிக்க முடியவில்லை.

வீட்டுக்குள் போனதும் நேரே பின்கட்டுக்குப் போனாள். டப்பாவிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்துக் குழாயைத் திறந்து நனைத்தாள். அழகான பச்சை. பழைய தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

மகள் ஸ்பூனால் அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் பெரிதாகி, மற்றதெல்லாம் சிறுத்துப்போயிருந்தது அவருக்கு.

“என்ன டாக்டரம்மா, ரிப்போர்ட் வந்துருச்சா?”

மருந்துக்கடைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பட்டம்தான்.

“வந்துருச்சு. நீங்களே பாருங்க.”

தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

“பச்சை.”

“ஆமா.”

“நல்ல பச்சை. சுத்தமா இருக்கே.”

“ஒட்டிக்கிட்டு இருந்ததை லேசாத் துடைச்சேன்.”

“ம்.” அவர் தாளை மார்பின் மேல் வைத்துக்கொண்டார். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்போ போனைப் போடு. பாய்லர்கிட்ட பேசணும்.”

எதற்கென்று அவளுக்குத் தோன்றவில்லை. நல்ல செய்தியைச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தாள். போனைக் காதருகே பிடித்தாள்.

“பாய்லர், தொட்டி சரியாயிடுச்சு. சாயங்காலம் நாலு மணி லாரில வர்றதை முழுசாப் போடுங்க. ஃபேக்டரிக்காரங்க நிறுத்திவெச்சிருக்கற பழையதையும் அனுப்பச் சொல்லுங்க. பள்ளத்துல கொட்டிறப் போறானுங்க.”

ஒரு பச்சைத் தாளுக்கு இப்படி ஒரு வால் இருக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை. இன்னும் ஒரு லோடு உள்ளே போனால் தொட்டி செத்தது. இப்போது மறித்துச் சொன்னால் இவர் மறுபடி காலைக் கீழே போடுவார்.

நாலு மணி. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆகியிருந்தது.

*

முதல் வேலையாகப் பின்கட்டுக்குப் போய்ப் பாய்லரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்த மனிதர் போனை ஷெட்டில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு மறந்துவிடுவார், மறக்காத நேரத்தில் கேட்காத காதுப் பக்கத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடுவார். மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் படுக்கை விரிப்பை மாற்ற வேண்டியிருந்தது. மகள் அப்பாவைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொள்ள, அவள் பழைய விரிப்பை உருவிப் புதியதை விரித்தாள். அழுக்கு விரிப்புகளை அலசிப் போட்டுவிட்டு வர அரை மணி ஆயிற்று. அலசும்போதே ஒரு கையால் மறுபடி பாய்லருக்குப் போட்டாள். லைன் பிஸி என்றது. அந்த மனிதருக்கு யார் போன் செய்கிறார்கள்?

திரும்பி வந்தபோது அவர் தலையணையில் சற்று உயரமாகச் சாய்ந்திருந்தார். முகத்தில் ஏதோ ஒரு வேலை முடிந்த களை.

“நகம் வளந்திருக்கு. வெட்டி விடேன்” என்றார்.

இருபது நகத்தையும் வெட்டினாள். ஃபிட்டரின் விரல்கள். எத்தனை வருஷம் தேய்த்தும் போகாத கறுப்பு நகக்கண்ணில் இருந்தது. ஒவ்வொரு விரலுக்கும் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தாள்.

“கொஞ்சம் உக்காரு. எங்க ஓடப் போறே?”

“இங்கதானே இருக்கேன்.”

“அன்னைக்கு வாளியைத் தூக்கிட்டு ஓடி வந்தியே, ஞாபகம் இருக்கா? கேஸ் எரியறதைப் பார்த்து வீடு பத்திக்கிச்சுன்னு.”

“யாருக்குத் தெரியும், நீங்க என்ன கொளுத்தினீங்கன்னு.”

“என் மேலதான் பாதித் தண்ணி.”

சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது. அவள் மார்பைத் தடவிவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். கையை விடுவித்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை. ஆனால் இரண்டரை ஆகிவிட்டது.

மகளை அனுப்பலாமா? அவளுக்குத் தொட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேற்று முன்தினம்தான் வெளியூரிலிருந்து வந்தவள். தவிர, என்ன சொல்லி அனுப்புவது? அப்பாவிடம் அம்மா பொய் சொல்லிவிட்டாள் என்றா?

மூன்று மணிக்கு அவர் கண் அயர்ந்தார். மூச்சு சீராகத்தான் வந்தது. அவள் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தாள். மூச்சை எண்ணச் சொன்னார்கள், எண்ணினாள். “இப்படியே ஒரு நாள், ரெண்டு நாள்கூட இருக்கலாம்மா. பதற்றப்படாதீங்க” என்றார்கள்.

மூன்றரைக்குத் தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது. அரை மணி முன்னதாகவே வந்துவிட்டான் பாவி. இன்னும் பத்து நிமிஷத்தில் அரவை மிஷின் ஓட ஆரம்பித்துவிடும்.

கட்டிலை ஒருமுறை பார்த்தாள். அவர் வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“பத்து நிமிஷத்துல வந்துடறேன். அப்பா பக்கத்துலயே இரு” என்று மகளிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்போடேயே இறங்கி ஓடினாள். போனைக் கட்டில் மேலேயே விட்டுவிட்டாள்.

*

சக்கை மலையாகக் குவிந்திருந்தது. லாரிக்காரன் பின்கதவைத் தட்டி மிச்சத்தையும் சரித்துக்கொண்டிருந்தான். அரவை மிஷின் ஓடவில்லை. பாய்லர் ஷெட் வாசலில் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

“என்ன தங்கச்சி? சார்…”

“தூங்கறார். பாய்லர், ஒண்ணும் உள்ள போடாதீங்க. காலைல நான் காட்டின மஞ்சள்தான் நிஜம். அவர்கிட்ட நான் குழாய்த் தண்ணில நனைச்சுப் பொய்யாக் காட்டிட்டேன்.”

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். பாய்லர் தரையைப் பார்த்தார்.

“சரி தங்கச்சி. போடலை.”

அவ்வளவுதான். அத்தனை சுலபமாக முடிந்துவிட்டது. திரும்பியிருக்கலாம். ஆனால் ஓரத்தில் சுண்ணாம்பு மூட்டை திறந்திருந்தது. சும்மா நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு விட்டால்தான் புளிப்பு இறங்கும் என்று கணவர் பாய்லரிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. பொய் சொன்னவள்தானே சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது. வாளியில் கரைத்தாள். ஏணியில் ஏறி ஊற்றினாள். இறங்கி, மறுபடி கரைத்து, மறுபடி ஏறினாள். பாய்லர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “போதும் தங்கச்சி, வீட்டுக்குப் போங்க” என்று ஒருமுறை சொன்னார். “இதோ, இன்னும் ஒரு வாளி” என்றாள். நாலாவது வாளியும் ஊற்றிவிட்டுத்தான் கையைக் கழுவினாள்.

திரும்பும்போது ஓடவில்லை. பத்து நாளில் முதல் தடவையாக நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. சுண்ணாம்பு பட்டு விரலிடுக்கு எரிந்தது. விழித்திருந்தால் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

வாசல் கதவு திறந்திருந்தது. மகள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையை மடியில் வைத்திருந்தாள். இவள் காலடி கேட்டும் திரும்பவில்லை.

“அம்மா, போனை ஏம்மா விட்டுட்டுப் போனே?”

கடிகாரத்தில் நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

“முழிச்சாரு. நீ எங்கேன்னு கேட்டாரு. தொட்டிக்குப் போயிருக்கான்னு சொன்னேன்.” மகள் மூக்கை உறிஞ்சினாள். “‘போயிட்டாளா’ன்னாரு. அவ்வளவுதாம்மா. அதுக்கப்புறம் ரெண்டு மூச்சு.”

அவள் சுண்ணாம்புக் கையோடு நின்றாள். அந்தக் கையால் அவரைத் தொடலாமா என்று தெரியவில்லை. போய் மறுபடி கழுவிக்கொண்டு வந்தாள்.

*

வந்தவர்களுக்கு யார் யாரோ ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார்கள். அந்த டீ எங்கே போட்டது என்று அவள் கேட்கவில்லை. அவரை எடுத்துப்போன அன்று பேக்கரியின் ஷட்டர் இறங்கியிருந்தது. மரியாதைக்கு மூடியிருக்கிறார் என்று நினைத்தாள். மறுநாளும் மூடியிருந்தபோதுதான் புரிந்தது. தொட்டியில் கேஸ் நின்று, தெருவில் ஒரு அடுப்பும் எரியவில்லை. இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஒருவர் வாயிலிருந்தும் அந்தப் பேச்சு வரவில்லை.

மகள் ஒரு தடவை, “என்னம்மா அப்படி அவசரம் அன்னைக்கு?” என்று ஆரம்பித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நான்காம் நாள் காலையில் அவள் தொட்டிக்குப் போனாள். பாய்லர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, ஏதோ விசாரணைக்கு வந்தவர் மாதிரி நின்றிருந்தார்.

“நேத்து சாயங்காலத்துல இருந்து குமிழி வருது தங்கச்சி. தொட்டி பொழைச்சுக்கும்போல. இன்னும் நாலு நாள் பட்டினி போடணும்.”

“நல்லது.”

“தங்கச்சி.” அவர் தொண்டையைச் செருமினார். ஒற்றைக் காதுக்காரர் வழக்கமாகக் கத்தித்தான் பேசுவார். இப்போது குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. “சார் அன்னைக்கு ரெண்டாந்தடவை போன் பண்ணாரு.”

அவள் நிமிர்ந்தாள்.

“பாப்பா தன் போன்ல போட்டுக் குடுத்துச்சு. அதை வெளிய அனுப்பிட்டுத்தான் பேசினாரு. ‘அந்தத் தாள் குழாய்த் தண்ணில நனைச்சது பாய்லர். ஒரு துளி கறை இல்ல அதுல. நான் மொதல்ல சொன்னதை விட்டுருங்க, லோடு எதையும் போடாதீங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம், சங்கடப்படுவா’ன்னாரு.”

“எத்தனை மணிக்கு?”

“பன்னெண்டரை இருக்கும்.”

விரிப்பு அலசிக்கொண்டிருந்த நேரம். அதன் பிறகு நகம் வெட்டியிருக்கிறாள். உட்காரச் சொல்லியிருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நீங்க ஓடி வந்தப்பவே சொல்லியிருக்கணும்” என்றார் பாய்லர். “சார் சொல்லாதேன்னாரேன்னு வாயை மூடிக்கிட்டேன். நீங்க பாட்டுக்கு வாளி வாளியாத் தூக்கறீங்க, நான் ஏணியைப் பிடிச்சிட்டு நிக்கறேன். மூணு நாளாத் தூக்கமில்ல தங்கச்சி.”

அவள் ஓரத்தில் இருந்த சுண்ணாம்பு மூட்டையைப் பார்த்தாள்.

“சுண்ணாம்பு எத்தனை வாளி ஊத்தினேன்?”

“நாலு.”

“அதிகமில்லையே?”

“இல்ல தங்கச்சி. சரியான அளவு.”

லாரி வந்துவிட்டது. ஆரஞ்சு சீசன் தொடங்கியிருந்தது. வண்டி நிறைய பிழிந்த பாதித் தோல்கள். டிரைவர் இறங்கி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். திருப்பி எடுத்துக்கொண்டு போகவா என்று கேட்டான். பாய்லர் அவளைப் பார்த்தார். யாரோ பதில் சொல்லக் காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

“எங்கே கொண்டு போவே? பள்ளத்துக்கா? இங்கயே களத்துல தட்டு. காயப்போடலாம்.”

சிமென்ட் களத்தின் நடுவில் தோல் சரிந்தது. காற்றில் எண்ணெய் வாசனை ஏறிக் கண்ணைக் கரித்தது. பாய்லர் டிரைவரிடம் கையெழுத்து வாங்க ஷெட்டுக்குப் போனார். அவள் மூலையிலிருந்த மரப்பலகையை எடுத்துத் தள்ள ஆரம்பித்தாள். கேட்டிலிருந்து தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், உள்பக்கம் மேலே பார்க்க, ஒரே சீராகப் பரப்பிக்கொண்டு பின்னால் பின்னால் நகர்ந்தாள். எதையும் யோசிக்காமல் செய்யும்படி ஒரு வேலை கிடைத்துவிட்டது. பலகை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை.

முதுகில் மதில் இடித்தபோதுதான் நின்றாள். களம் முழுக்கத் தோல். அவளுக்கும் கேட்டுக்கும் நடுவில் கால் வைக்க ஒரு விரற்கடை இடமில்லை.

கேட்டருகே மகள் வந்து நின்றிருந்தாள்.

“அம்மா, வெளிப்பக்கத்துல இருந்தா ஆரம்பிப்பாங்க? இப்ப எப்படி வருவே?”

அவள் தோலைப் பார்த்தாள். ஈரத்தில் ஆயிரம் கிண்ணங்கள் மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தன.

“நீ போ. வெயில் ஏறிக் கொஞ்சம் காயட்டும், வர்றேன்” என்றாள். பலகையை மதிலில் சாய்த்துவிட்டு, நிழல் இருந்த ஒரு முழ இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.